உப்புக் காற்றில் ஒரு குட்டி யானை

தூத்துக்குடி கரையில் மீன் ஏற்றவும் உப்பு மூட்டை இறக்கவும் அலையும் வண்டிகளில் பழைய டாட்டா ஏஸ்களுக்குத் தனி இடம் உண்டு. 2005இல் வந்த இந்த வண்டியைத் தமிழ்நாடு குட்டி யானை என்றே அழைக்கிறது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கி, 702 சி.சி.யில் இரண்டு சிலிண்டராக இதற்கு வைத்தார்கள். எளிய எஞ்சின், பொறுமையாகப் பார்த்தால் தன் நோயைத் தானே சொல்லிவிடும்.

ஆனால் இந்தக் கரையில் நோய்க்கு மூலம் பெரும்பாலும் உப்பு. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் மீன் தண்ணீரும் கடற்காற்றும் வண்டியின் அடியில் உப்பைப் படியவைக்கின்றன. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு கசியத் தொடங்கும். கடலுப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். அதனால் மழை பெய்யாத மாதத்திலும் சேசிஸ் ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரம் இரும்பை அரிக்கிறது, செம்புக் கம்பியைப் பச்சையாக்குகிறது.

அதிகாலையில் சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. செல்ப் மோட்டார் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டது என்று உடனே புதிது வாங்கிவிடுகிறார்கள். லோடுக்கு லோடு கூலி பார்ப்பவரின் பணம் இப்படிப் போவதைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. ஒரு விளக்குக்கு ஐந்து ஆம்பியர் போதும். செல்ப்புக்கு நூறுக்கும் மேல் வேண்டும். அத்தனை மின்சாரமும் எஞ்சினிலிருந்து எர்த் ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த ஒயரின் முனையில் துரு ஏறி, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை கூடினாலே 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் வீணாகும். ஐந்து ஆம்பியர் விளக்குக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். நட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் பெரும்பாலும் சரியாகும். உறைக்குள் கம்பி பச்சையாகியிருந்தால் ஒயரையே மாற்ற வேண்டும். பேட்டரியையும் அளந்து பாருங்கள்: சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டியும், செல்ப் அடிக்கும்போது பேட்டரியின் இரு கம்பங்களுக்கு இடையிலேயே 9.6க்குக் கீழே விழுந்தால் அப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

செல்ப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், டீசல் லைனில் ஏர் எடுத்திருக்கிறதா, பில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தங்களுக்கு வருவோம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எதைச் செய்தால் அது மாறுகிறது என்பதே முக்கியம். ஸ்டார்ட் ஆனதும் சில நொடி 'கீச்' என்று கத்தி அடங்கினால் ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கிளட்சை மிதித்தால் இரைச்சல் தொடங்குகிறதா? கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்தால் அடங்குகிறதா? கியர்பாக்ஸின் முன் பேரிங். முதல் கியரில் கிளம்பும்போது அடியில் 'டொக்' என்று இடித்தால், புரப்பெல்லர் ஷாப்டின் கிராஸில் கிரீஸ் வற்றியிருக்கும்.

ஓட்டத்தில் 'ஊங்' என்று கேட்கும் சத்தத்தைத்தான் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சின் வேகத்தோடு மாறாமல் வண்டி வேகத்தோடு ஏறி இறங்கினால், முதல் சந்தேகம் சக்கர பேரிங் மேல். வலப்பக்கம் வளைக்கையில் எடை இடச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் கோளாறு இடப்பக்கம். ஜாக்கி போட்டு, அந்தச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அடுத்த லோடுக்கு முன் பேரிங்கைக் கவனித்துவிட வேண்டும்.