வைஃபைக்கும் நாடி பார்க்கலாம்!

"டாக்டர், வைஃபை பெட்டி ஹால்ல இருக்கு. மாமனார் படுக்கிற உள் ரூம்ல வீடியோ கால் வரவே மாட்டேங்குது. இன்னொரு பெட்டி வாங்கி அவர் தலைமாட்டிலேயே வெச்சுடலாமா? கதிர்வீச்சு ஏதாவது பண்ணிடுமோ?"

மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வரும் குடும்பத் தலைவிகள் இப்போது இதையும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் பெரியவர் மகனைக் கூப்பிட வேண்டியது அந்த அறையிலிருந்துதானே!

பெட்டி வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது.

முகம் வேறு, நாடி வேறு

போனின் மேலே தெரியும் கோடுகள் நோயாளியின் முகம் மாதிரி. முகத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுக்க முடியுமா? மணிக்கட்டில் விரல் வைத்து வாத, பித்த, கபம் பார்க்க வேண்டாமா? இங்கே நாடி என்பது டெசிபல் மில்லிவாட் என்ற எண். 1 மில்லிவாட் சக்திதான் பூஜ்யம். எண் பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். மைனஸ் 50 என்றால் ஒரு மில்லிவாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. மைனஸ் 70 என்றால் கோடியில் ஒரு பங்கு!

மைனஸ் 50-ஐ ஒட்டி இருந்தால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாராளமாக ஓடும். 70-ஐத் தாண்டினால் திக்கும். 80-ஐத் தாண்டினால் நம்ப முடியாது.

எப்படி அளப்பது?

ஆண்ட்ராய்டு போனில் 'வைஃபை அனலைசர்' என்ற செயலியைப் போட்டுக் கொள்ளுங்கள். அது இருப்பிட அனுமதி கேட்கும். கொடுத்தால்தான் எண் வரும். ஐபோன்காரர்கள் ஆப்பிளின் 'ஏர்போர்ட் யுடிலிட்டி'யை இறக்கி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும்.

அறை அறையாகப் போங்கள். கட்டிலில் தலையணை உயரத்தில் போனைப் பிடித்துச் சற்றுப் பொறுங்கள். எண் ஏறி இறங்கும். மூன்று முறை பார்த்து நடுவிலுள்ளதை நோட்டில் எழுதுங்கள். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றால் உடம்பே அலையை மறைக்கும். ஆகவே திரும்பி நின்றும் பாருங்கள். எல்லா அறைக்கும் ஒரே போனையே வைத்துக் கொள்ளுங்கள். போனுக்குப் போன் எண் மாறும்.

முதலில் பத்தியம், பிறகு மருந்து

இரும்பு பீரோ, கண்ணாடி, மீன் தொட்டி, டி.வி.யின் பின்புறம் இவையெல்லாம் பெட்டிக்கு ஆகாத இடங்கள். வீட்டின் நடுவே, திறந்த இடத்தில், தலை உயரத்தில் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் சுவரில் சோர்ந்து விடும். உள் அறைக்கு 2.4 நல்லது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் 2.4 தடுமாறலாம். எண் நன்றாக இருந்தும் படம் திக்கினால், பக்கத்து வீட்டுப் பெட்டியும் அதே சேனலில் இருக்கலாம். 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்ததற்கு மாற்றுங்கள்.

இதற்கும் சரிப்படவில்லையா? அப்போது இன்னொரு பெட்டி வாங்குங்கள். அதை மாமனார் தலைமாட்டில் வைக்காதீர்கள். மைனஸ் 65 வரும் பாதி வழியில் வையுங்கள். சிக்னலே இல்லாத இடத்தில் வைத்தால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்?

பயம் தேவையா?

இந்த எண் சிக்னலை அளக்கிறதே தவிர நோயை அளப்பதில்லை. வைஃபையின் பலவீனமான அலைகளால் உடல்நலக் கேடு வருவதாக ஏற்கத்தக்க சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-ல் சொன்னது. அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை' என்ற பட்டியலில் சேர்த்தது. அது எச்சரிக்கை, தீர்ப்பல்ல.

கவனிக்க வேண்டியது காதில் ஒட்டிய போனைத்தான். டவர் சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டிக் கொண்டுதான் பேசும். அங்கே ஸ்பீக்கரில் பேசுங்கள், இல்லை ஜன்னலோரம் வாருங்கள்.

இந்த ஞாயிறு நோட்டும் போனுமாக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முதலில் பெரியவர் கட்டிலருகே!