பிரவுசர் அப்டேட் ஆனபின் நம் வீட்டுத் தடுப்பு வேலை செய்கிறதா?

ஆபாசத் தளங்களையும் தவறான விளம்பரங்களையும் தடுக்க, நம்மில் பலர் வீட்டுக் கணினியின் பிரவுசரில் 'எக்ஸ்டென்ஷன்' எனும் துணைச் செயலிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒருமுறை சேர்த்தால் போதும் என்றும் இருந்துவிடுகிறோம். ஆனால் பிரவுசர் தானாக அப்டேட் ஆகும்போது அவை நின்றுபோகக்கூடும்.

எக்ஸ்டென்ஷன்கள் பிரவுசர் அனுமதிக்கும் முறைப்படியே இயங்குகின்றன. அந்த முறை மாறினால் பழையவை செயலிழக்கும். 2017 நவம்பரில் வெளியான ஃபயர்பாக்ஸ் 57, பழைய முறை ஆட்-ஆன்களைக் கைவிட்டது. 2025-இல் குரோம் 'மேனிஃபெஸ்ட் வி2' முறையை நிறுத்தியதால், பலரும் பயன்படுத்திய 'யூபிளாக் ஆரிஜின்' அதில் முடங்கியது.

விளம்பரம் திரும்பி வந்தால் நமக்கே தெரியும். ஆபாசத் தடுப்பு நின்றால், பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

அதற்காக அப்டேட்டை நிறுத்திவிடக் கூடாது; பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதுதான். நாம் செய்ய வேண்டியவை:

* மாதம் ஒருமுறை எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, எது அணைந்திருக்கிறது என்று பாருங்கள்.
* நின்றுபோனதற்கு மாற்றாக, அதே தயாரிப்பாளரின் புதிய வடிவத்தை மட்டும் எடுங்கள். யூபிளாக்குக்கு 'லைட்' வடிவம் உண்டு.
* வைஃபை ரௌட்டரின் டிஎன்எஸ் முகவரியாக, கிளவுட்ஃப்ளேர் இலவசமாகத் தரும் 1.1.1.3-ஐ அமையுங்கள். பிரவுசர் மாறினாலும் இந்தத் தடுப்பு பெரும்பாலும் நீடிக்கும். மொபைல் டேட்டாவுக்கு இது பொருந்தாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பது நபிவழி. கட்டிய கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் நம் பொறுப்பே.