வேடமும் காதலும்

வத்தேகம புகையிரத நிலையத்தில் மாத்தளைப் பக்கம் போகும் வண்டிக்காகக் காத்திருக்கையில், பக்கத்து வாங்கில் ஒருவர் மர்ம நாவலொன்றில் மூழ்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அட்டையில் ஒரு துப்பாக்கி, ஒரு பெண்முகம். உள்ளே, கடத்தல்காரர் கூட்டத்தினுள் மாறுவேடத்தில் நுழைந்த பொலிஸ் அதிகாரி, அக்கூட்டத்தோடு எவ்வகையிலோ தொடர்புடைய ஒரு பெண், இருவருக்குமிடையே காதல். இதையெல்லாம் இலக்கியமென்று பேசுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். பேசத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

வேடமிட்டு வரும் காதலன் நமக்குப் புதியவனல்லன். தினைப்புனங் காத்த வள்ளியிடம் முருகன் வேடனாக வந்தான். அவள் தந்தை வந்ததும் வேங்கை மரமாய் நின்றான். பின்னர் கிழவனாகவும் வந்தான். கதிர்காமம் போய் வந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இறுதியில் தன் உண்மை உருவை அவனே அவளுக்குக் காட்டிவிடுகிறான்.

பொலிஸ் அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. காட்டினால் வழக்கும் போகும், உயிரும் போகும். ஆகவே இத்தகைய நாவலின் மர்மம், குற்றவாளி யார் என்பதல்ல. அவளுக்கு எப்போது தெரியவரும், யார் வாயால் தெரியவரும் என்பதே.

நமது துப்பறியும் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் வேடம் போடுவதில் வல்லவர். 1950இல் மொடேர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியபோது எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடமாக மாறி வந்தார். ஆனால் அவ்வேடங்கள் கயவரை ஏமாற்றவே; நாம் ரசித்துக்கொண்டிருக்கலாம். பிற்காலத்தில் ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குச் சுசீலா. அந்தப் பெண்களுக்குத் தம் துணைவர் செய்யும் தொழில் தெரியும். இடையே பொய் இல்லாததால் காதல் சுவையான கேலிப் பேச்சாக நின்றுவிடுகிறது.

இதைத் தொட்டுவிட்டு விலகியவர் கொனன் டொயில். 1904இல் வெளியான கதையொன்றில் ஷெர்லொக் ஹோம்ஸ், மில்வர்ட்டன் என்னும் மிரட்டிப் பணம் பறிப்பவனின் வீட்டு விவரங்களை அறியக் குழாய் வேலைக்காரனாக வேடமிட்டு, அவ்வீட்டுப் பணிப்பெண்ணைத் திருமணத்துக்கு நிச்சயம் செய்துகொள்கிறார். அந்தப் பெண்ணின் கதி என்னவென்று வொட்சன் கேட்டால், தோளைக் குலுக்கிவிட்டு, தனக்குப் போட்டியாக இன்னொருவன் இருக்கிறான் என்கிறார். கதையும் அத்தோடு அவளை மறந்துவிடுகிறது. எனக்கென்னவோ, ஹோம்ஸின் சாமர்த்தியத்தை விட அவளுடைய மறுநாட் காலைதான் நினைவில் நிற்கிறது.

இது வெறுங் கற்பனையுமன்று. 1968இல் லண்டன் பொலிஸார் அமைத்த இரகசியப் பிரிவொன்றின் அதிகாரிகள், இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைக்கூடச் சூடிக்கொண்டு போராட்ட இயக்கங்களுள் நுழைந்தனர். சிலர் அங்கிருந்த பெண்களோடு ஆண்டுக்கணக்கில் குடும்பமே நடத்தினர். வேலை முடிந்ததும் ஒரு நாள் காணாமற் போயினர். ஒரு பெண், தன் பிள்ளையின் தகப்பன் பொலிஸ்காரர் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2012இல், பத்திரிகைப் படத்தைப் பார்த்தே அறிந்தார். 2015 நவம்பரில் லண்டன் பொலிஸ் இவ்வாறு ஏமாற்றப்பட்ட ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பெண்கள் துக்கப்பட்டது யாருக்காக? அப்படி ஒரு மனிதன் இருந்ததேயில்லை. அவன் சிரிப்பு, அவன் சொன்ன இளமைக் கதைகள், தாயின் மரணம் என்று அழுத கண்ணீர், எது நடிப்பு, எது நிஜம்? இக்கேள்வியை ஒரு நாவலாசிரியர் அவள் பக்கத்திலிருந்து எழுதினால், மலிவுப் பதிப்புக் கதையென்று யாரும் ஒதுக்க முடியாது.

அடுத்த முறை அத்தகைய நாவலொன்று கையில் கிடைத்தால், உண்மை வெளிப்பட்ட பின் எத்தனை பக்கங்கள் மீதமிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலும் இரண்டு பக்கந்தான்: கைவிலங்கு, கொஞ்சம் கண்ணீர், கல்யாண மாலை.