'கிளி' மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

"ஏன் டாக்டர், எத்தனை வருஷம்தான் இந்த இங்கிலீஷ் மாத்திரையையே முழுங்கிக்கிட்டிருக்கிறது? அதை நிறுத்திட்டு உங்க சூரணத்தை மட்டும் சாப்பிடலாமா?"

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து வருகிற சர்க்கரை நோயாளிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவனாயிற்றே, 'தாராளமா நிறுத்துங்க' என்று சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்வது வேறு. "முதல்லே அந்த மாத்திரை அட்டையை எடுங்க, பார்க்கலாம்."

பாதிப் பேரிடம் அட்டை இருக்காது. "வெள்ளையா இருக்கும் டாக்டர், சின்ன மாத்திரை. காலையிலே ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." பத்து வருடமாகச் சாப்பிடுகிற மருந்தின் பெயர் தெரியாது. விதை நெல்லின் ரகத்தை மட்டும் ஒப்பிப்பார்கள்!

இது ஏதோ நாலைந்து வீட்டு சங்கதி அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்குச் சர்க்கரை நோய். நம் புதுச்சேரியிலோ 26 பேருக்கு! கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. அப்படியென்றால் உங்கள் வீட்டு அலமாரியிலும் ஓர் அட்டை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதை விடுங்கள். மருந்தின் உண்மைப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர் 'கிளி' என்று ஆரம்பிக்கிறதா? கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு... இவையெல்லாம் ஒரே கூட்டத்துக் கிளிகள். (சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் என்று நடுவில் 'கிளி' வருகிறவை வேறு ஜாதி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தக் கிளிகளின் பூர்வீகம் பிரான்ஸ். 1942-ல் அந்நாட்டின் மான்பெல்லியே நகரத்தில் டைஃபாய்டு காய்ச்சல்காரர்களுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் டாக்டர் ஜான்போன். காய்ச்சல் ஒரு பக்கம் இருக்க, சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரை விபரீதமாக இறங்கிவிட்டது. அதே ஊர் ஆராய்ச்சியாளர் லூபாத்தியே காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த மருந்து கணையத்தை உசுப்பி, இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. இன்றைய 'கிளி' மாத்திரைகள் அந்த வம்சம்தான். ஆக, சர்க்கரையைத் தாழ்த்திவிடுகிற குணம் இவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு.

மெட்ஃபார்மின் கதை வேறு. ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் கலேகா என்று ஒரு மூலிகை உண்டு. அதில் இருந்த சத்தை ஆராயப் போய்ப் பிறந்ததுதான் மெட்ஃபார்மின். 1957-ல் அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்துச் சொன்ன ஜான் ஸ்டேர்னும் பிரெஞ்சு டாக்டரே. 'இங்கிலீஷ் மருந்து' என்று நாம் தள்ளுவதற்கும் ஒரு பச்சிலை வழி வந்த பாட்டன் இருக்கிறான் பாருங்கள்! இது கணையத்தை விரட்டாது. கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுவதைக் குறைக்கும். தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவது மிகவும் அபூர்வம். சாப்பாட்டோடு சாப்பிட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். நாள்பட எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறையலாம், கால் எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பேதி, வாந்தி என்று படுத்துவிட்டால் அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும். பெரிய அபாயம் என்று பார்த்தால் கிளியிடம்தான் இருக்கிறது.

எப்படி? கிளி மாத்திரை வேலையை ஆரம்பித்துவிட்டால், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று கேட்காது. நடவு நேரத்தில் விடியற்காலையில் மாத்திரையைப் போட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டு வயலில் இறங்குகிறார்கள். கஞ்சி வர 10 மணி, 11 மணி ஆகிவிடுகிறது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற உடம்பு இருக்கிற சர்க்கரையையும் எரித்துவிடுகிறது. கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும். 'வெயில் ஒத்துக்கலை' என்று நிழலில் படுத்துவிட்டால் போச்சு.

வயசானவர்களுக்கு இந்த அறிகுறிகள்கூட ஒழுங்காக வராது. சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், மந்தமாகிவிடுவார்கள், சில சமயம் பக்கவாதம் மாதிரி ஒரு பக்கம் இழுக்கும். இரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பு வெளியே தெரியாது, வியர்வை மட்டும் தெரியும். பாகூர் பக்கத்து அம்மாள் ஒருவருக்கு 'காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்று விபூதி மந்திரித்துக்கொண்டே ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். காலையில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38! நல்ல வேளை, குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டார். அப்புறம் பையைக் கொட்டிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. அரசு சுகாதார நிலையத்தில் வாங்கிய கிளிமிபிரைடு ஒரு அட்டை. மகன் அழைத்துப்போன தனியார் டாக்டர் எழுதியது இன்னொரு அட்டை. அதன் பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருந்ததோ மெட்ஃபார்மினோடு சேர்ந்த அதே கிளிமிபிரைடு. அந்த அம்மாள் அங்கே வாங்குவதை இங்கே சொல்லவில்லை. 'சொன்னா திட்டுவாங்களோன்னு பயம்' என்றார்.

கிளிபென்கிளமைடு சாப்பிடும் பெரியவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அது உடம்பில் வெகுநேரம் தங்கும், கிட்னி பலவீனமானால் இன்னும் தங்கும். 60 வயது தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. உங்கள் அட்டையில் அந்தப் பெயர் இருந்தால், நீங்களாக நிறுத்தாமல், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் 'வேறு மாற்றலாமா' என்று கேளுங்கள். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் மறந்ததுதான். அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

என் பக்கத்து சமாசாரம்

இப்போது எங்கள் மருந்துகளுக்கு வருகிறேன். சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, ஆவாரம்பூ, பாகற்காய் இவற்றுக்கெல்லாம் சர்க்கரையைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு. அதனாலேயே சொல்கிறேன், கிளி மாத்திரையோடு இவற்றையும் சூரணமாக, சாறாகச் சேர்த்தால் இரண்டும் கூட்டு சேர்ந்து இறக்கிவிடலாம். குழம்பில் போட்ட பாகற்காய்க்குப் பயப்படாதீர்கள். தினம் ஒரு டம்ளர் சாறு என்று ஆரம்பிக்கிறீர்களே, அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் குத்திப் பார்த்து எழுதியும் வையுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து, எழுதிக் கொடுத்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் ஊசியிலேயே வாழும் பிள்ளைகளுக்கு எந்தச் சூரணமும் இன்சுலினுக்கு ஈடாகாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் 'பக்க விளைவே இல்லாத மூலிகைப் பொடி, மூணே நாளில் சுகர் இறங்கும்' என்று விற்கிறார்களே, அதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மூன்று நாளில் 300-லிருந்து 120-க்கு வந்தால், பொடியில் கிளியை அரைத்துப் போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். சிங்கப்பூரில் 2008-ல் இப்படித்தான் ஆயிற்று. ஆண்மை வீரியத்துக்கு என்று விற்ற கள்ள மருந்துகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாதவர்கள் 150 பேர் வரை ஐந்து மாதத்துக்குள் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 4 பேர் இறந்தே போனார்கள். உரிமம் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி இல்லாத பொடியை வாங்காதீர்கள். பற்பம், செந்தூரம் வகைகளை, படித்த, பதிவு பெற்ற சித்த மருத்துவர் கையால் அன்றி வாங்கவே வேண்டாம்.

விரதமும் விருந்தும்

ஆடி வெள்ளி, ஏகாதசி, சிவராத்திரி என்று நம் வீட்டுப் பெண்களுக்கு விரதத்துக்குக் குறைவில்லை. 'பட்டினிதான் இருக்கேன், மாத்திரையை மட்டும் விடலே டாக்டர்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதுதான் தப்பு! ரம்ஜான் நோன்பு வைக்கும் சுல்தான்பேட்டை பாய்மார்கள் பலர் மாதம் பிறக்கும் முன்பே வந்து கேட்டுவிடுகிறார்கள். வேளையையும் அளவையும் நோன்புக்குத் தக்கபடி டாக்டரால் மாற்றித் தர முடியும். எல்லோரும் இப்படி முன்கூட்டியே கேட்டுவிட்டால் தொல்லையே இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் சாராயக் கடைக்குப் போனால் இரட்டை ஆபத்து. கல்லீரல் அவசரத்துக்குச் சர்க்கரை விடுவதை மது தடுத்துவிடும். தெருவில் விழுந்து கிடந்தால் 'குடிச்சுட்டுக் கிடக்கான்' என்று தாண்டிப் போவார்களே தவிர, சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

தாழ்ந்துவிட்டால் என்ன செய்வது? 70-க்குக் கீழே இருந்தாலும் சரி, குத்திப் பார்க்க மிஷின் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்தாலும் சரி, நினைவு இருக்கும்போதே 3 டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, அந்த மருந்து தடுத்துவிடும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். சாக்லெட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக் கண் திறந்து பேச ஆரம்பித்ததும், 'சரியாயிடுச்சு, வீட்டுக்குக் கிளம்பலாம்' என்று அவசரப்படாதீர்கள். கிளி மாத்திரை உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், மறுபடியும் இறக்கிவிடும். ஒரு நாளாவது அங்கேயே இருந்து, டாக்டர் போகச் சொன்ன பிறகு வாருங்கள். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும், எங்கள் சூரண டப்பாவையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.