பில்லில் ஒரு வரி; அது வரியல்ல

மருத்துவப் பரிசோதனைக்காக நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்திருந்த உறவினர் குடும்பத்தோடு, நகரிலுள்ள குளிரூட்டப்பட்ட உணவகம் ஒன்றுக்கு நண்பகல் உணவுக்காகச் சென்றிருந்தோம். காலை முழுவதும் ஸ்ரீசித்ரா மருத்துவ நிலையத்தில் காத்திருந்த களைப்பு இருந்தாலும், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறியிருந்ததால் அனைவர் முகத்திலும் தெளிவு இருந்தது. ஐந்து பேர் உண்டோம். உணவு நன்றாக இருந்தது. பெரியவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பரிமாறிய இளைஞர் தாமாகவே கண்டுகொண்டு, வேறு குழம்பு கொண்டுவந்து வைத்தார்.

பில் வந்தது. உண்டவற்றின் விலை 1,840 ரூபாய். அதன் கீழே ‘சேவைக் கட்டணம் 10%’ என்று 184 ரூபாய். இரண்டையும் கூட்டி வந்த 2,024 ரூபாயின் மீது 5% சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, 101 ரூபாய் 20 காசு. ஆக மொத்தம் 2,125 ரூபாய் 20 காசு. ‘இந்தச் சேவைக் கட்டணம் எதற்கு?’ என்று நம்மில் ஒருவர் கேட்கத் தொடங்கியபோது பெரியவர் கையமர்த்தினார். “சர்க்காருக்குப் போற காசுதானே தம்பி! சாப்பிட்ட இடத்துல கணக்குக் கேட்டா நல்லாவா இருக்கும்? கொடுத்துரு” என்றார்.

அவர் கூறியதில் இரண்டு பிழைகள் இருந்தன. அந்தக் காசு அரசுக்குச் செல்வதில்லை. கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவும் அன்று. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அவரைப் போலவே எண்ணி, வாய் திறவாமல் பணம் செலுத்திவிட்டு எழுந்துவிடுகிறோம்.

மூன்று பெயர்கள், மூன்று பொருள்கள்

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வரும்வரை, குளிரூட்டப்பட்ட உணவகங்களின் பில்லில் மத்திய அரசின் ‘சேவை வரி’ இடம்பெற்றிருந்தது. பில் தொகையில் 40 விழுக்காட்டின் மீது மட்டும் அவ்வரி கணக்கிடப்பட்டது. அது அரசின் வரி. இன்று அது இல்லை.

‘சேவைக் கட்டணம்’ என்பது உணவகம் தானே விதித்துக்கொள்ளும் தொகை. அது உரிமையாளரின் கணக்கில் சேர்கிறது. அதில் எவ்வளவு பணியாளர்களைச் சென்றடைகிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, நாம் ‘டிப்ஸ்’ என்று வழங்கும் அன்பளிப்பு. உண்டு முடித்தபின், மனநிறைவுக்கு ஏற்ப, கொடுப்பவர் தாமே முடிவு செய்வது. ‘சேவை’ என்ற ஒரே சொல் வரியிலும் கட்டணத்திலும் ஒட்டிக்கொண்டிருந்ததால், இரண்டையும் ஒன்றெனக் கருதும் வழக்கம் நிலைத்துவிட்டது.

சட்டம் கூறுவது என்ன?

2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு எந்தப் பெயரிலும் அதனை வசூலிக்கக் கூடாது. செலுத்துமாறு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. செலுத்த மறுப்பவருக்கு அனுமதியோ சேவையோ மறுக்கக் கூடாது. உணவின் விலையோடு அதனைச் சேர்த்து அம்மொத்தத்தின் மீது ஜிஎஸ்டி கணக்கிடக் கூடாது என்பவை அவற்றின் சாரம்.

உணவகங்களின் இரண்டு தேசியச் சங்கங்கள் இதனை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. அதே மாதத்தில் நெறிமுறைகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வழக்கு நீடித்தது. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதீபா எம். சிங், நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்து, இரு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் வழக்குச் செலவு விதித்தார். வாடிக்கையாளர் மனமுவந்து தரும் அன்பளிப்புக்கு எந்தத் தடையும் இல்லை என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாக்கப்பட்டது.

சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. 2025 ஆகஸ்டில் அது விசாரணைக்கு வந்தபோது, நீதிபதிகள் அமர்வு எழுப்பிய வினா குறிப்பிடத்தக்கது. 20 ரூபாய் தண்ணீர்ப் புட்டிக்குச் சூழலைக் காரணம் காட்டி 100 ரூபாய் பெறும்போது, அதற்கும் மேல் தனியாகச் சேவைக் கட்டணம் எதற்கு என்பதே அவ்வினா. இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். உணவகங்கள் புட்டி நீரை அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, அமர்ந்து உண்ணும் இடத்தில் புட்டி நீரைத் திறப்பதற்கு முன் விலையைக் கேட்பது நலம். பதிமுகப் பட்டை இட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு நீரும் சீரக நீரும் கேரளத்தின் எளிய உணவகங்களில் இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன.

பில்லைப் படிக்கும் முறை

பில்லைச் சரிபார்க்க இரண்டு நிமிடங்கள் போதும்.

முதலில் ஜிஎஸ்டி. பெரும்பாலான உணவகங்களில் அது 5% மட்டுமே. மத்திய அரசுக்கு 2.5%, மாநில அரசுக்கு 2.5% என இரண்டு வரிகளில் அச்சிடப்படும். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளைக் கொண்ட நட்சத்திர விடுதிகளின் உணவகங்களில் 18%. கோவளம் கடற்கரைக்குச் செல்வோர் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். சிறிய உணவகங்கள் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் பதிவு செய்திருந்தால், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க அவற்றுக்கு உரிமையில்லை. அந்த விவரம் பில்லிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, வரி அல்லாத பிற தொகைகள். சேவைக் கட்டணமோ, அதற்கு இணையான வேறு பெயரோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். நாம் உண்ட உணவுக்குச் சேவைக் கட்டணம் இல்லாமல் கணக்கிட்டால் 1,932 ரூபாய்தான் வரும். கட்டணம் 184 ரூபாய், அதன் மீதான வரி 9 ரூபாய் 20 காசு; ஆக 193 ரூபாய் 20 காசு கூடுதல்.

மூன்றாவது, பணம் செலுத்தும் முறைக்கான கட்டணம். ‘அட்டையில் செலுத்தினால் 2% கூடுதல்’ என்று சில இடங்களில் கூறப்படுகிறது. டெபிட் அட்டைப் பரிவர்த்தனைக்கான வணிகர் கட்டணத்தை வாடிக்கையாளர் மீது சுமத்தக் கூடாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ரூபே டெபிட் அட்டைக்கும் பீம் யுபிஐ வழிச் செலுத்துதலுக்கும் 2020 ஜனவரி 1 முதல் அத்தகைய வணிகர் கட்டணமே கிடையாது.

முன்பே கூறிய விலை

கூடுதல் கட்டணம் யாவும் தவறு என்பது நம் கருத்தன்று. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் 2020இல் தொடங்கிய ஜனகீய உணவகங்களில் தொடக்கத்தில் ஒரு சாப்பாடு 20 ரூபாயாக இருந்தது. பொட்டலமாக வாங்கினால் 25 ரூபாயாக இருந்தது. அந்த ஐந்து ரூபாயைக் குறித்து எவரும் மனம் வருந்தவில்லை. உண்ண வருவதற்கு முன்பே அனைவருக்கும் அது தெரிந்திருந்தது. சிங்கப்பூரில் உறவினர் இல்லங்களுக்குச் சென்று வந்தோர், அங்குள்ள விலைப்பட்டியலில் விலைக்கு அருகே இரண்டு கூட்டல் குறிகளைக் கண்டிருப்பர். ஒன்று 10% சேவைக் கட்டணம், மற்றொன்று வரி. அங்கும் முன்பே கூறிவிடுகின்றனர்.

இந்த நியாயம் இரு தரப்புக்கும் பொருந்தும். பரோட்டாவுடன் இலவசமாகக் குழம்பு தரவில்லை என்று எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஒருவர் புகார் அளித்திருந்தார். உணவகம் குழம்பு தருவதாக உறுதியளிக்கவும் இல்லை, அதற்கு விலை பெறவும் இல்லை. எனவே சேவைக் குறைபாடு இல்லை என்று ஆணையம் 2025இல் அப்புகாரைத் தள்ளுபடி செய்தது. விலைப்பட்டியலில் இல்லாத குழம்பை வாடிக்கையாளர் உரிமையாகக் கோர இயலாது. அவ்வாறே, உணவின் விலைக்குள் அடங்கவேண்டிய சேவைக்கு உணவகம் பில்லில் தனியாக ஒரு விலை வைக்கவும் இயலாது. ஊதியச் செலவு கூடினால் உணவின் விலையை உயர்த்திக்கொள்ள உணவகத்துக்கு முழு உரிமை உண்டு. விலையைப் பார்த்து, உண்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்துகொள்வோம்.

தம்பானூரில் பேருந்து நிலையத்துக்கு அருகே, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் நிறக் கோபுரத்தில் இயங்கும் இந்தியன் காப்பி ஹவுஸ் இதற்கு நல்ல சான்று. காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். கேரளத்தின் முதல் கடை 1958இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. விசிறித் தலைப்பாகை அணிந்து நமக்குக் காப்பி கொண்டுவரும் தொழிலாளர்களே அச்சங்கத்தின் உரிமையாளர்கள். பரிமாறுபவரின் ஊதியம் காப்பியின் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கொடுப்பதில் உள்ள பண்பு

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடும். ஜப்பானில் அன்பளிப்பு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள். அமெரிக்காவிலோ, அன்பளிப்புப் பெறும் பணியாளர்களுக்கு உரிமையாளர் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலர் என்ற அளவிலேயே நிற்கிறது. அங்கு அன்பளிப்பு ஊதியத்தின் பெரும்பகுதி. பிரிட்டனில், அன்பளிப்பு முழுவதும் பணியாளரையே சேரவேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

நம் நாட்டில் நிலையான அளவு எதுவும் இல்லை. பெரிய உணவகங்களில் பில்லில் 5 முதல் 10 விழுக்காடு வரை தருவோர் உண்டு; சிறிய கடைகளில் மீதிச் சில்லறையை விட்டுவருவோர் உண்டு. ஒன்றும் தராமல் வருவதும் தவறாகாது. அளவைவிட, யாரிடம் சேர்கிறது என்பதே முதன்மையானது. மேசையில் வைப்பதைவிடப் பரிமாறியவரின் கையில் கொடுப்பது சிறப்பு. சேவைக் கட்டணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் மீண்டும் தரவேண்டிய கடமை இல்லை.

க்யூஆர் குறியீட்டின் வழியே பணம் செலுத்தும் இக்காலத்தில், மீதிச் சில்லறை என்பதே மறைந்து வருகிறது. கடையின் குறியீட்டில் கூடுதலாகச் செலுத்தும் தொகை கடையின் கணக்கிற்கே செல்லும். எனவே, சட்டைப்பையில் ஓரிரு 20, 50 ரூபாய்த் தாள்களை வைத்திருப்பது நல்ல பழக்கம். கேரளத்தின் உணவகங்களில் இன்று பரிமாறுவோருள் பலர் வங்காளம், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ‘அதிதி தொழிலாளி’, அதாவது விருந்தினர் தொழிலாளி என்பது அவர்களுக்குக் கேரள அரசு வழங்கும் பெயர். நமக்கு விருந்து பரிமாறுபவர் தாமே ஒரு விருந்தினர் என்பதை நாம் மறக்கலாகாது.

கேட்பது எப்படி?

உரத்த குரல் தேவையில்லை. பரிமாறியவரைக் கடிந்துகொள்வது கூடவே கூடாது. கட்டணத்தை விதித்தவர் அவரல்லர். மேலாளரை அழைத்து, ‘சேவைக் கட்டணத்தை நீக்கி வேறு பில் தாருங்கள்’ என்று கூறுவதே முதற்படி. மறுத்தால், பில்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம். மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமே இல்லை.

அன்று நாம் அதைத்தான் செய்தோம். மேலாளர் முகம் சுளிக்கவில்லை. இரண்டே நிமிடத்தில் 1,932 ரூபாய்க்கு வேறு பில் வந்தது. பரிமாறிய இளைஞர் மட்டும் சற்றே தள்ளி, தலைகவிழ்ந்து நின்றிருந்தார். தம் பணியில் குறை கண்டோம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும்.

பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். எழுந்து சென்று, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவ்விளைஞரின் உள்ளங்கையில் வைத்து மூடினார். “குழம்பு மாத்திக் கொண்டு வந்தியே மக்கா, அதுக்கு” என்றார். அவ்விளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் எதற்காகத் தரப்பட்டது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.