கரஸ் முதல் கிரெடிட் வரை

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் வேப்பூர் கூட்டு ரோடு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற காடு. கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் விருத்தாசலம். செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிலையமும், திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் அங்கேதான். வேப்பூர்க்காரருக்குக் காலேஜ் என்றால் நெடுங்காலமாக அந்தத் திசைதான்.

கூட்டு ரோட்டில் நின்றால் நாலு திக்குக்கும் பஸ் கிடைக்கும். ஆனால் பகல் வேலையை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியாதவருக்கு எந்த பஸ்ஸும் பயன்படாது. களையெடுப்பு, கடைக் கல்லா, கைக்குழந்தை, சூளை ஷிப்ட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கல்லூரிக் கணக்கைப் படித்துத் தேறிய வழி, இரண்டு தலைமுறைக்குள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது.

அன்று

“எங்க படிக்கிறீங்க?” என்று கேட்டால், “கரஸ்ல” என்று ஒரே சொல்லில் பதில் வரும். கரஸ்பாண்டன்ஸ், அதாவது அஞ்சல்வழிப் படிப்பு. அதை இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் அதை 1971இல் கையில் எடுத்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது நெருங்கி வந்தது 1979இல், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியபோதுதான். 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது.

பாங்கில் டி.டி. எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். பிறகு தபால்காரருக்குக் காத்திருப்பு. பாடக்கட்டு வந்துசேரும், சில கட்டு தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் வரும். சேர்ந்தவர்களில் இடைநிலை ஆசிரியர்கள் நிறைய. பட்டம் வாங்கினால் பதவி உயர்வு, ஊக்க ஊதியம் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்கள். அரசு அலுவலக எழுத்தர்கள், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று மற்றவர்களும் உண்டு.

வரலாற்றையும் தமிழையும் தனியாக உட்கார்ந்து படித்துவிடலாம். கணக்கு அப்படி விடாது. மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது என்று புரியாமல் போனால், மீதிப் பக்கம் முழுவதும் இருட்டு. “எளிதில் நிறுவலாம்” என்று புத்தகம் சொல்லும். எளிது யாருக்கு என்று சொல்லாது. கேட்க ஆள் தேட வேண்டும். மேல்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியாரைச் சாயங்காலம் வீட்டில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டவுனில் உள்ள டுடோரியலுக்குப் பணம் கட்ட வேண்டும். பல்கலைக்கழகம் நடத்திய நேர்முக வகுப்பு சில நாள்தான். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த சந்தேகத்தையெல்லாம் அந்தச் சில நாளுக்குள் கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. ஆள் கிடைக்காதவர்கள் பத்து வருஷக் கேள்வித்தாளையும் கைடையும் வாங்கி, தேற்றங்களின் நிரூபணத்தைச் செய்யுள்போல மனப்பாடம் செய்தார்கள். கையில் கிளார்க்ஸ் டேபிள், மனத்தில் பிள்ளையார்.

இதில் ஒரு நன்மையும் இருந்தது: தமிழில் படிக்கலாம். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தது. வகையீடு, தொகையீடு, அணிக்கோவை என்று சொற்கள் பழகிவிட்டிருந்தன. பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவருக்குக் கணக்கோடு மட்டும் போராடினால் போதும். மொழியோடும் சேர்த்துப் போராட வேண்டியதில்லை.

பாரமாக இருந்தது வேறொன்று. பட்டம் முழுசாக வந்தால்தான் மதிப்பு. இரண்டு வருஷம் தேறி மூன்றாம் வருஷம் நின்றுபோனவர் கையில் சில மதிப்பெண் பட்டியல்கள் மிஞ்சும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முழுசாகத் தேறாவிட்டால் ஒன்றுமில்லை என்ற இந்த வழக்கம் பழையது, முன்பு இன்னும் கடுமையாகவும் இருந்தது. கார் என்பவர் எழுதிய தேர்வுக் கையேட்டை வைத்துத் தானாகவே கணக்கு கற்ற கணித மேதை ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்கள் கைவிட்டதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவர் கற்ற கணக்கை மட்டும் பிரித்தெடுத்து அவர் பேரில் வரவு வைக்க அன்றைய விதியில் இடமில்லை.

இன்று

அந்த வரவுதான் இப்போது வந்திருக்கிறது. அதற்கு கிரெடிட் என்று பெயர். பாடம் போனில் வருவதைவிட இதுவே பெரிய மாற்றம்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017 ஜூலை 9இல் மத்திய அரசு, என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் ‘ஸ்வயம்’ இணையத் தளத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2016இல், இப்படிப்பட்ட இணையப் பாடங்களில் எடுத்த கிரெடிட்டை ஒரு செமஸ்டரில் 20 சதவீதம் வரை கல்லூரிகள் ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்திருந்தது. 2021இல் அது 40 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆண்டில் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் தேசிய ‘கிரெடிட் வங்கி’யும் வந்தது. நடுவில் நிறுத்திவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தாலும், பொதுவாக ஏழு ஆண்டுவரை அந்த வரவு கணக்கில் இருக்கும்.

நடைமுறை இதுதான். ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்கும். சேர்வதற்குக் கட்டணமில்லை. என்.பி.டி.இ.எல்.லில் 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. வாரந்தோறும் வீடியோ, வாரந்தோறும் அசைன்மென்ட். அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், முடிவில் மேற்பார்வையாளர் முன்னால் மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு என்று கல்லூரிக் கணக்கின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

2020இல் சென்னை ஐ.ஐ.டி. ஒரு படி மேலே போய், டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பையே இணையவழியில் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். அடிப்படை நிலையில் எட்டுப் பாடம், ஒவ்வொன்றுக்கும் 4 கிரெடிட். அந்த எட்டில் இரண்டு கணிதம், இரண்டு புள்ளியியல்.

போனும் டேட்டாவும் இதற்கு வழி செய்தன. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப், 2016இல் ஜியோ வந்தபின் மலிந்த நெட், 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு தந்த தினசரி 2 ஜி.பி. டேட்டா எல்லாம் சேர்ந்து கிராமத்துக்குப் பாடத்தைக் கொண்டுவந்துவிட்டன. தபால்காரருக்குக் காத்திருந்த இடத்தில் இப்போது ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போன். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, ஐந்தாம் முறையும் கேட்கலாம். ஐந்தாம் முறையும் முதல் முறை மாதிரியே பொறுமையாகச் சொல்லுவார் பேராசிரியர்.

இந்தப் படிப்பு தொழிலுக்கும் உதவுகிறது. விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையை எடுத்துக்கொள்வோம். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் வேகவைத்தால் பொம்மை சுருங்கும். நீளவாட்டில் பத்துச் சதவீதம் சுருங்குகிற மண் என்றால், பத்து சென்டிமீட்டர் பொம்மைக்கு எவ்வளவு உயர அச்சு? பதினொன்று என்று வாய் சொல்லிவிடும். பத்தை 0.9ஆல் வகுத்தால் 11.1 என்று வரும். கொள்ளளவோ பத்துச் சதவீதம் இல்லை, 27 சதவீதம் குறைந்திருக்கும். அனுபவத்தால் கை அறிந்துவைத்ததை, விகிதமும் வகையீடும் படித்தவர் தாளில் எழுதி இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியும். சூளை வேலையை விடாமல் அதைப் படிக்கும் வழி அன்று தபால் ஒன்றுதான். இன்று அவர் கையிலேயே இருக்கிறது.

மாறாதவை

‘உங்கள் வேகத்தில் படியுங்கள்’ என்று விளம்பரம் சொல்கிறது. அந்தச் சுதந்திரம் ஒரு வாரத்துக்குள்தான். அசைன்மென்டின் கடைசி நாள் இரவோடு கதவு மூடிவிடும். அறுவடை நேரம், வீட்டில் காய்ச்சல், கரண்ட் இல்லை என்ற எந்தக் காரணமும் கணினிக்குப் புரியாது. தேர்வு நாளில் மீண்டும் அதே கூட்டு ரோடு, அதே பஸ், அதே ஹால் டிக்கெட்.

சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்பதும் மாறவில்லை. இதை அமெரிக்கா ஒருமுறை செலவு செய்து கற்றுக்கொண்டது. 2013இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம், யுடாசிட்டி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 150 டாலருக்குக் கணிதப் பாடங்களை இணையத்தில் நடத்தி கிரெடிட் கொடுத்தது. முதல் சுற்றில் இயற்கணித வகுப்புகளில் பாதிக்குமேல் தேறவில்லை. சில மாதத்திலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அடிப்படை பலவீனமாக உள்ளவருக்கு வீடியோ மட்டும் போதாது என்பது அதில் தெளிவாயிற்று.

மொழியில் பின்னுக்குப் போயிருக்கிறோம். கரஸ் காலத்தில் தமிழில் கிடைத்த கல்லூரிக் கணக்கு, இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் நிற்கும்போது அது பாதி வழித் துணைதான்.

எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் ஆளைத் தடுப்பது வேறு. தானாக ஒரு பாடத்தில் சேர்ந்து, படித்து, தேறி, சான்றிதழை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனால், “இது நம்ம பட்டியல்ல இல்லையே” என்று சொல்லிவிடலாம். அதுவும் விதிப்படிதான். ஸ்வயம் தளம் ஜூன் 1, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை வரப்போகும் பாடங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2016 விதி சொன்னது. நான்கு வாரத்துக்குள் எவற்றுக்கு கிரெடிட் தரலாம் என்று பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அந்த முடிவில் இல்லாத பாடம் அறிவைத் தரும், வரவைத் தராது. வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்ல ஆள் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நோட்டீஸ் போர்டுதான் சொல்ல வேண்டும்.

கரஸ் காலத்தில் பாடம் கிடைப்பதே கடினம். கிடைத்துத் தேறினால், சேர்ந்த பல்கலைக்கழகத்தில் அந்த மதிப்பெண் தானாகக் கணக்கில் ஏறியது. இன்று பாடம் இலவசம். அதை வரவாக்கும் வழி தெரிந்தவருக்கே வரவு. இதைச் சரிசெய்யப் பெரிய நிதி வேண்டாம். ஒப்புக்கொண்ட பாடங்களின் பட்டியலைக் கல்லூரி தமிழில் எழுதி வாசலில் ஒட்டலாம். ஊர் நூலகத்தில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் கரும்பலகையோடு உட்காரலாம். அண்ணாமலை அன்று சில நாள் நடத்திய நேர்முக வகுப்பை இப்படி ஊரே நடத்திக்கொள்ளலாம்.

அதுவரை மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜூலைப் பாடத்தில் பேர் கொடுப்பதற்கு முன்னால், ஜூனிலேயே துறைத் தலைவரைப் பார்த்து, “இதுக்கு கிரெடிட் உண்டாங்க சார்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பன்னிரண்டு வாரம் கண் விழிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய முதல் அசைன்மென்ட் அதுதான்.