விழுந்தாலும் உடையாத கடிகாரம்

கைக்கடிகாரம் கீழே விழுந்தால் உடையத்தானே செய்யும்? ஜப்பானின் காசியோ நிறுவனப் பொறியாளர் கிகுவோ இபே அப்படி விட்டுவிடவில்லை. மாதிரிகளைச் செய்து, ஜன்னல் வழியே போட்டுப் போட்டுச் சோதித்தார். ஒருநாள் சிறுமி ஒருத்தி பந்தாடக் கண்டார். பந்து தரையில் மோதினாலும் அதன் மையத்தை அதிர்ச்சி எட்டுவதில்லையே! அதுபோலவே கடிகாரத்தின் உட்பகுதியைக் கூட்டுக்குள் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி மிதக்கவிட்டார். 1983இல் 'ஜி-ஷாக்' என்னும் டிஜிட்டல் கடிகாரம் விற்பனைக்கு வந்தது.

மாணவர்களே, இன்று அந்தப் பழைய கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்போர் பலர். அவர்கள் அஞ்சுவது வீழ்ச்சிக்கு அல்ல, ஈரத்துக்கு! காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேன் மேலுறையின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது, உறை நொறுங்குகிறது. தீர்ந்துபோன பாட்டரி கசிந்தால் மின்சுற்றும் அரிக்கப்படும். உங்கள் வீட்டு அலமாரியில் ஓடாத டிஜிட்டல் கடிகாரம் கிடக்கிறதா? முதலில் பாட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.